உறவு விளக்கத் தாள்

அலுவிகாரை, மாத்தளை
12.09.2005

அன்புத் தங்கை புஷ்பவதிக்கு,

அண்ணன் சுந்தரலிங்கம் எழுதுவது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நேரம் நீ எந்த நோய்நொடியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முத்துமாரியை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

திருச்சிக் காலனியிலிருந்து போன மாதம் ஊருக்கு வந்த ஒருவர் உன் விலாசத்தைத் தந்தார். நீ ஜப்பானில் ஹோட்டல் ஒன்றில் பெரிய சமையல்காரியாக இருக்கிறாய் என்றும், போய் எட்டு வருஷம் என்றும் சொன்னார். கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. காலம் நம்மை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் போட்டுவிட்டது. யாரைக் குறை சொல்ல?

உன் அண்ணி ராசம்மா தவறி மூன்று வருஷம் ஆகிறது. மகன் பழனிமுத்து அப்பாவின் மிளகுக் காணியை ஸ்பைஸ் கார்டனாக ஆக்கியிருக்கிறான். தம்புள்ளைக்குப் போகும் பஸ்களெல்லாம் நம் வாசலில் நிற்கின்றன. ஜப்பான்காரர்கள் நிறைய வருகிறார்கள். அங்குள்ள கடைக்காரர் ஒருவர் ஏலமும் கராம்பும் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார். அதனால் ஏப்ரலில் குடும்பத்தோடு போய்வரலாம் என்று நினைக்கிறான். அவன், மருமகள் இலட்சுமி, பிள்ளைகள் இரண்டு. யாரும் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டியதில்லை.

விசாவுக்கு அங்குள்ள ஒருவர் உத்தரவாதம் தர வேண்டுமாம். நீதான் செய்ய வேண்டும். என்ன உடுப்பு, என்ன சாப்பாடு, எங்கே தங்குவது, எதைக் கொண்டுவரலாம் என்று விவரமாக எழுது. உன் டெலிபோன் நம்பரையும் அனுப்பு.

உன் நலம் விரும்பும் அண்ணன்,
சு. சுந்தரலிங்கம்

*

டோக்கியோ
03.10.2005

அண்ணனுக்கு,

புஷ்பவதி எழுதுவது. கடிதம் கிடைத்தது. எனக்குச் சுகத்தில் குறையில்லை. பிள்ளைகள் இருவரும் இலட்சுமியும் பழனிமுத்துவும் சுகமென்று நம்புகிறேன்.

டெலிபோன் வேண்டாம். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். இந்த நாட்டில் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை, தாளுக்குத்தான்.

ஏப்ரல் கடைசியில் வர வேண்டாம். அப்போது இங்கே ஒரு வாரம் நாடே விடுமுறையில் ஊர்சுற்றும். ரயிலில் நிற்க இடம் கிடைக்காது. ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். மே நடுவில் வாருங்கள். மெல்லிய சுவெட்டர் ஆளுக்கொன்று போதும்.

இறைச்சி எந்த வடிவிலும் கொண்டுவரக் கூடாது. மாம்பழம் கூடாது, கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது. காய்ந்த மிளகு, ஏலம், கராம்பு கொண்டுவரலாம். பைக்கற்றை ஒட்டி, பெயர் அச்சிட்டிருக்க வேண்டும்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம், உத்தரவாதக் கடிதம், என் வதிவிடப் பத்திரம், வரிப் பத்திரம் ஆகியவற்றை நான் அனுப்புவேன். ஒவ்வொரு நாளும் எங்கே போவீர்கள், எங்கே தூங்குவீர்கள் என்ற அட்டவணையும் வேண்டும். அதை நானே எழுதுகிறேன். என்னோடு வேலை செய்யும் பெண்கள் இரண்டு அறை தருகிறார்கள்.

இரண்டு விஷயம் உங்களுக்கு. நீங்களும் வர வேண்டும். குடும்பத்தில் மூத்தவர் இல்லாமல் மற்றவர்களுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்தது, உறவு விளக்கம் என்று ஒரு தாள் கேட்பார்கள். அழைப்பவரும் வருகிறவர்களும் எப்படி உறவு, ஏன் வேறு வேறு நாட்டில் இருக்கிறார்கள் என்று மூத்தவர் தன் கையால் தமிழில் எழுத வேண்டும். சமாதான நீதவான் முன்னால் அதை வாசித்து, கூட வருகிற பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

உங்கள் மச்சான் அழகமுத்து தவறிப் பதினாலு வருஷம். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

புஷ்பவதி

*

அலுவிகாரை
20.10.2005

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வீட்டில் எல்லாரும் கூடியிருந்து வாசித்தோம். சுகமாக இருக்கிறாய் என்று அறிந்து நிம்மதி. மச்சானின் செய்தி கேட்டு மனம் வருந்தியது. நல்ல மனுஷன்.

எனக்கு அறுபத்து மூன்று முடிந்துவிட்டது. முழங்கால் வலி. ஆனாலும் நீ கூப்பிடும்போது வராமல் இருப்பேனா? பிள்ளைகள் குதிக்கிறார்கள். ஜப்பானில் எந்தச் சப்பாத்து போடுவது, ரயிலில் எப்படி ஏறுவது என்று இலட்சுமி கேட்கச் சொன்னாள்.

நீ கேட்ட தாளை எழுதிவிட்டேன். இதோ:

"புஷ்பவதி என் உடன்பிறந்த தங்கை. நாங்கள் மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தோம். 1975ஆம் ஆண்டு அவள் கணவருடன் தன் விருப்பப்படி இந்தியா சென்று குடியேறினாள். நான் இலங்கைப் பிரஜையாக இங்கேயே இருந்தேன். இன்றுவரை எங்களுக்குள் அன்பு குறையவில்லை."

இது போதுமல்லவா?

அண்ணன் சுந்தரலிங்கம்

*

டோக்கியோ
09.11.2005

அண்ணனுக்கு,

நலமாயிருக்கிறேன். பிள்ளைகளுக்கு என் அன்பு.

இலட்சுமிக்குச் சொல்லுங்கள்: இங்கே வீட்டுக்குள் மட்டுமல்ல, சில சாப்பாட்டுக் கடைகளிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். அதனால் கயிறில்லாத சப்பாத்து நல்லது. காலில் போடும் மேஸ் ஓட்டையில்லாமல் இருக்கட்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு இருக்கும். அதோடு வெளியே வந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதுதான் இங்கே வெட்கம். ரயிலில் சத்தமாகப் பேசக் கூடாது. நகரும் படிக்கட்டில் இடது பக்கம் நிற்க வேண்டும். டாக்சிக் கதவைத் தொடாதீர்கள், தானாகத் திறக்கும். தெருவில் குப்பைத் தொட்டி கிடையாது, பையில் வைத்திருந்து அறைக்குக் கொண்டுவர வேண்டும். மரக்கறி சூப் என்று தருவதிலும் மீன் இருக்கும். விரத நாளென்றால் முன்பே சொல்லுங்கள்.

உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். "தன் விருப்பப்படி" என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். பொய்யான தாளைக் கொடுத்தால் மற்ற நான்கு பேருக்கும் விசா கிடைக்காது. யாருடைய விருப்பம் என்று எழுதுங்கள். விண்ணப்பப் படிவத்தை யார் நிரப்பினார் என்றும் எழுதுங்கள். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. காட்டிய இடத்தில் பெயரை வரையத்தான் தெரியும். இப்போது தெரியும். அதனால் கவனமாக எழுதுங்கள்.

புஷ்பவதி

*

அலுவிகாரை
02.01.2006

மதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மருமகள் இலட்சுமி வணக்கத்தோடு எழுதுகிறேன். புது வருஷத்தில் நீங்கள் தேகசுகத்தோடு இருக்க வேண்டும். முகம் பார்க்காமலே எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதமாக நாங்கள் பதில் போடவில்லையென்று கோபமா? மாமா எழுதுவாரென்று பார்த்திருந்தோம். உங்கள் கடிதம் வந்த அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. "எழுதுறேன், எழுதுறேன்"னு சொல்லிவிட்டு மிளகுக் கொடிக்குள்ளே போய் நின்றுகொள்கிறார். கடிதத்தையும் காட்ட மாட்டேன் என்கிறார். செருப்பு விஷயத்தை மட்டும் வாசித்துக் காட்டினார்.

ஐந்து பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. கொழும்புக்குப் போய்வருவதற்குள் ஏழு இடத்தில் இறக்கி ஐடென்டிட்டி கார்ட் பார்த்தார்கள். பழையபடி யுத்தம் ஆரம்பிக்கிறது போலிருக்கிறது. அதற்குள் பிள்ளைகளுக்கு வேறொரு நாட்டைக் காட்டிவிட வேண்டுமென்று ஆசை.

அந்த உறவுத் தாளை மாமாவுக்குப் பதில் இவர் எழுதினால் ஏற்பார்களா? மூத்தவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு எட்டு. கூட்டத்தில் தவறிப் போனால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

இலட்சுமி

*

டோக்கியோ
18.01.2006

அன்பு இலட்சுமிக்கு,

அத்தை ஆசீர்வாதம். உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. நீயும் பிள்ளைகளும் எந்தக் குறையுமின்றி இருக்க வேண்டும்.

பிள்ளைகள் தவறிப் போனால் பயப்படாதே. மூலைக்கு மூலை சிறிய பொலிஸ் அறை இருக்கும், சிவப்பு விளக்கு எரியும். இங்கே பொலிசைக் கண்டு ஓட வேண்டியதில்லை. இதை இரண்டு முறை சொல்லிக்கொடு, நம் பிள்ளைகளுக்கு உடனே நம்பிக்கை வராது. என் விலாசத்தை ஜப்பான் எழுத்தில் எழுதி இரண்டு அட்டை வைத்திருக்கிறேன். கழுத்தில் மாட்டிவிடு. காய்ச்சல் மருந்து கொண்டுவந்தால் டாக்டர் எழுதிய துண்டையும் கொண்டுவா.

தாளைப் பழனிமுத்து எழுத முடியாது. நடந்தபோது அவன் தொட்டில் பிள்ளை. மாமாதான் எழுத வேண்டும். பெப்ரவரி முடிவதற்குள் வராவிட்டால் மே மாதத்துக்கு விசா கிடைக்காது என்று சொல். நான் அப்படிச் சொன்னேன் என்றே சொல்.

அத்தை புஷ்பவதி

*

அலுவிகாரை
05.02.2006

தங்கச்சி,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்தை நானே மாத்தளைக்குப் போய்த் தபாலில் போடுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

நீ கேட்டது இதுதானே. எழுதுகிறேன்.

"1970இல் தோட்டக் கந்தோரில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். லயத்து வரிசை வீடுகளிலிருந்த எல்லாருக்கும் எந்த நாட்டுப் பிரஜாவுரிமை வேண்டும் என்ற படிவத்தை நான்தான் நிரப்பினேன். என் தங்கையும் அவள் கணவரும் இலங்கை என்று போடச் சொன்னார்கள். நான் இந்தியா என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினேன். அலுவிகாரையில் எங்கள் அப்பா வாங்கிய அரை ஏக்கர் மிளகுக் காணியின் உறுதிப் பத்திரத்தில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. அவள் போய்விட்டால் காணி எனக்கென்று நினைத்தேன்."

போதுமா? எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ராசம்மா ஒவ்வொரு நாளும் லயத்தை விட்டு வெளியே போக வேண்டுமென்று அழுவாள். இது நமக்குள் இருக்கட்டும். நீதவான் முன்னால் வேண்டாம். இதைக் கேட்ட பிறகு பழனிமுத்து என்னை அப்பா என்று கூப்பிடுவானா? நான் வயதானவன், தங்கச்சி.

அண்ணன்

*

டோக்கியோ
20.02.2006

அண்ணனுக்கு,

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. நான் சுகம். நீங்கள் சுகமா என்று இதுவரை எந்தக் கடிதத்திலும் நான் கேட்கவில்லை. கவனித்தீர்களா?

தாளைத் திரும்பவும் அனுப்புகிறேன். முக்கால் வாசி சரி. இரண்டு விடுபட்டிருக்கின்றன.

ஒன்று, அப்பீல். வெளியேறும் நோட்டீஸ் வந்த அன்று நான் உங்கள் வாசலுக்கு வந்தேன். "ஏதோ பெசகு நடந்துபோச்சு, கண்டிக்கு அப்பீல் எழுதிப் போட்டுட்டேன், பயப்படாத"ன்னு சொன்னீங்க. பொலிஸ் வந்து லயத்திலிருந்து எங்களை லொறியில் ஏற்றிய அன்றும் மாத்தளை ஸ்டேஷனுக்கு வந்தீர்கள். வழிச் சாப்பாட்டுக்குப் பாண் இரண்டு ராத்தல் வாங்கித் தந்தீர்கள். "மண்டபம் முகாம்லயே இருங்க. அப்பீல் பதில் வந்ததும் தந்தி அடிக்கிறேன், திருப்பி அனுப்பிருவாங்க"ன்னு சொன்னீங்க.

மண்டபம் முகாமில் நான்காம் நாள் எங்களைத் திருச்சிக்கு அனுப்பப் பெயர் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. உங்கள் மச்சான் கோபித்தார், "வா புஷ்பம், இங்க தண்ணி சரியில்ல"ன்னு கெஞ்சினார். அண்ணன் தந்தி அடிப்பார் என்றேன். ஒவ்வொரு நாளும் முகாம் கந்தோர் வாசலில் போய் நின்றேன். இருபத்திரண்டு நாள். பத்தொன்பதாம் நாள் எங்கள் மகளுக்கு வயிற்றால் போனது. இருபத்திரண்டாம் நாள் முடிந்துவிட்டது. மணலில் புதைத்தோம். அடுத்த நாள் திருச்சிக்குக் கோச்சி ஏறினேன். எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து உங்களுக்குக் கடிதமும் போட்டேன். அதற்கும் பதில் இல்லை.

நீங்கள் அந்த அப்பீலை எழுதவே இல்லை என்று எனக்குத் தெரியும். எண்பதில் கண்டிக்கு ஆள் விட்டு விசாரித்தேன். அதை எழுதுங்கள்.

இரண்டாவது, அந்தப் பிள்ளையின் பெயர். உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். பெயரில்லாமல் "ஒரு பிள்ளை" என்று எழுதினால் நான் ஏற்க மாட்டேன்.

நீதவான் முன்னால், மகன் கேட்க வாசிக்க வேண்டும். சலுகை கிடையாது.

மற்றபடி, நரிட்டா விமான நிலையத்தில் இறங்கியதும் பணம் மாற்ற வேண்டாம், நான் கொடுக்கிறேன். குடை ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள்.

புஷ்பவதி

*

அலுவிகாரை
08.03.2006

தங்கச்சி,

அப்பீலை எழுதிவிட்டேன். எழுதவேயில்லை என்பதை எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்ததையும், ராசம்மா அதை வாசித்து அழுததையும், நான் அதை அடுப்பில் போட்டதையும் எழுதிவிட்டேன்.

பிள்ளையின் பெயர் நினைவில் வரவில்லை. நான்கு நாளாக யோசிக்கிறேன். செல்லம்மாவா? உன் காலில் விழுந்து கேட்கிறேன், அதை மட்டும் சொல்லிவிடு.

அண்ணன்

*

அலுவிகாரை
05.04.2006

அத்தைக்கு,

இலட்சுமி எழுதுகிறேன். நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் என்று இந்த முறை வாய்க்கு வந்தபடி எழுதவில்லை, மனதார எழுதுகிறேன்.

மாமா கேட்டதற்கு நீங்கள் பதில் போடவில்லை, விசாத் தாள்களை மட்டும் அனுப்பியிருந்தீர்கள். இரண்டு வாரம் தபால்காரனைப் பார்த்தார். பிறகு ஒரு நாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கேட்டதற்கு, "தோட்டத்துக்குப் போறேன்"னார். முப்பது வருஷமாக அந்தப் பக்கம் போகாதவர். காலுக்கு முடியாதென்று நானும் கூடப் போனேன். லயம் லயமாக ஏறி இறங்கினார். "அழகமுத்து மகள் ஒண்ணு இருந்துச்சே, காது குத்துன புள்ள, பேரு தெரியுமா?" என்று கேட்டார். இளம் ஆட்களுக்கு அழகமுத்துவையே தெரியவில்லை. கடைசி லயத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்த சுந்தரம்மா படுத்த படுக்கையாக இருந்தார். கண் தெரியவில்லை. குரலை வைத்தே மாமாவை அடையாளம் பிடித்துவிட்டார்.

"கணக்கப்பிள்ளையா? நீயா கேக்குற?"

"ஆமாக்கா."

"பவளக்கொடி. ஏன், ஒனக்குத் தெரியாதா? நீதானய்யா அந்தப் பேர வச்ச."

மாமா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். என்னவென்று எனக்கு அப்போதும் தெரியாது.

மறுநாள் டவுனுக்குப் போனோம். ஸக்கரியா நானா சமாதான நீதவான். இவருக்குப் பழக்கமானவர். மாமா தாளை நீட்டினார். வாசிக்க வேண்டுமென்று சொன்னார். நானா முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சுந்தரலிங்கம், இத நான் சத்தமா வாசிக்கணுமா?"

"வாசிங்க நானா. அப்படித்தான் சட்டமாம்."

வாசித்தார். வெளியே லொறி போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பவளக்கொடி என்ற பெயரை மட்டும் இரண்டு முறை வாசித்தார். வாசித்து முடித்ததும் இவர் எழுந்து நின்றார்.

"தெனமும் வெள்ளக்காரங்களக் கூட்டிக்கிட்டுப் போய், இது எங்க தாத்தா காணி, எங்க அப்பா கஷ்டப்பட்டு வச்ச மிளகுன்னு சொல்றேன். எத்தனை வருஷமா சொல்றேன், அப்பா? ஒரு தடவயாவது என் வாயப் பொத்தியிருக்கலாமே!"

மாமா பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். இவர் சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய் வைக்கிறேன்.

போன வாரம் கொழும்புக்குத் தூதரகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பிள்ளை எல்லாத் தாளையும் சரி பார்த்தது. இந்தத் தாளை மட்டும் வெளியே தள்ளி, "இது எங்களுக்குத் தேவையில்லையே. பிறப்புப் பத்திரம் போதும்" என்றது. மாமா அதைத் திரும்ப எடுத்து மடித்துப் பையில் வைத்தார். கோபப்படவில்லை. பஸ்ஸில் என்னிடம், "முத கடுதாசியிலயே எனக்குத் தெரியும்மா, இப்படியொரு தாள் இருக்காதுன்னு. இருந்தாலும் எழுதாம தப்பிக்க வழி தெரியல" என்றார்.

விசா கிடைத்துவிட்டது, ஐந்து பேருக்கும். மாமா தான் வரவில்லை என்கிறார். இவர் காணியில் பாதியை உங்கள் பேருக்கு எழுதித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்ய, அத்தை? நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் எங்களை வைத்து ஏன் கேட்டீர்கள்?

இலட்சுமி

*

டோக்கியோ
14.04.2006

அன்பு இலட்சுமிக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் சித்திரை வாழ்த்து. இன்று கடையில் பாயசம் வைத்தேன்.

அது தூதரகம் கேட்ட தாள் இல்லை. நான் கேட்ட தாள். மற்ற எல்லாக் குறிப்பும் உண்மை, நம்பி வரலாம். உங்களை வைத்து ஏன் கேட்டேன் என்று கேட்டாய். நான் மட்டும் கேட்டிருந்தால் அவர் எழுதியிருப்பாரா? அவர் எதை இழக்கப் பயப்படுவாரோ அதைப் பிடித்துத்தான் கேட்க முடியும். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம் மட்டும்.

காணி எனக்கு வேண்டாம் என்று பழனிமுத்துவிடம் சொல். வாசலில் நின்று வெளிநாட்டுக்காரர்களுக்கு உண்மையைச் சொல்லட்டும், அது போதும்.

மாமா வரத்தான் வேண்டும். வராவிட்டால் நான் கொடுத்த உத்தரவாதத்தைத் திரும்ப எடுப்பேன். இதில் விளையாட்டில்லை.

வரும் நாளுக்குரிய குறிப்பு: காலையில் இறங்குவீர்கள். பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் வரிசை நீளமாக இருக்கும், முந்த வேண்டாம். விரல் காட்டிப் பேச வேண்டாம். பெட்டியை எடுத்ததும் பச்சைப் பலகை வழியாக வெளியே வாருங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நிறையப் பேர் பெயர் எழுதிய அட்டை பிடித்து நிற்பார்கள். என் முகம் உங்கள் யாருக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது, அவர் பார்த்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. அதனால் நானும் அட்டை பிடித்து நிற்பேன். தமிழில் எழுதியிருக்கும். சுந்தரலிங்கம் என்றோ பழனிமுத்து என்றோ தேடாதீர்கள். பவளக்கொடி என்று இருக்கும். அந்தப் பெயரைத் தேடி வாருங்கள்.

அத்தை புஷ்பவதி

*

அலுவிகாரை
04.06.2006

அன்பு அத்தைக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் இன்னும் வாசலில் செருப்பை வரிசையாக அடுக்குகிறார்கள். அந்தக் கடைக்காரர் ஏலத்துக்கு எழுதியிருக்கிறார். நீங்கள் எங்களுக்குச் செய்ததற்கெல்லாம் கைம்மாறு இல்லை. உங்கள் இடுப்பு வலி தேவலையா?

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் நீங்கள் தூரத்தில் நின்றீர்கள், எங்கள் பேச்சு கேட்டிருக்காது. அட்டையை முதலில் கண்டது மூத்தவள்தான். "தாத்தா, பவளக்கொடின்னு போட்டிருக்கு. யாரு தாத்தா அது?" என்று சத்தமாகக் கேட்டாள். நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். மாமா என் கையைத் தடுத்தார். "என் தங்கச்சி மக. நான்தான் கொன்னேன்" என்றார். பிள்ளை பயந்து என் பின்னால் வந்துவிட்டது. அதன் பிறகுதான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உங்களிடம் வந்தார்.

திரும்பும்போது விமானத்தில் என் பக்கத்தில் இருந்தார். என்னிடம் சொன்னார்: "பத்து நாள்ல அவ எங்கிட்டப் பேசுனத நான் எண்ணி வச்சிருக்கேன். 'செருப்பக் கழட்டுங்க'ன்னா. 'எடது பக்கம் நில்லுங்க'ன்னா. 'கதவத் தொடாதீங்க'ன்னா. கடைசி நாள் நான் கையப் பிடிக்கப் போனேன். 'பாஸ்போர்ட்டக் கையில எடுத்து வச்சுக்கங்க'ன்னா. அவ்வளவுதான். நல்லா சோறு போட்டா. ஒரு பேச்சு பேசல."

இவர் இப்போது அப்பாவோடு ஓரிரு வார்த்தை பேசுகிறார். முன்பு போல் இல்லை. வெளிநாட்டுக்காரர்களிடம், "இந்தக் காணி எங்க அப்பாவுக்கும் அத்தைக்கும் சொந்தம்" என்று சொல்கிறார்.

தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்கு மனசு ஆறியதா, அத்தை?

இலட்சுமி

*

டோக்கியோ
27.06.2006

அன்பு இலட்சுமிக்கு,

பிள்ளைகளை முத்தமிட்டதாகச் சொல். இடுப்பு வலி மழைக்குக் கூடியிருக்கிறது, வேலை செய்தால் போய்விடும்.

அடுத்த முறை நவம்பரில் வாருங்கள். மரமெல்லாம் சிவந்திருக்கும், மழை இருக்காது. சின்னவனுக்குத் தடித்த சுவெட்டர் கொண்டுவா. நான்கு பேருக்கு உத்தரவாதம் எழுதுகிறேன். நான்கு பேருக்குத்தான்.

மனசு ஆறியதா என்று கேட்டாய். ஆறவில்லை. அது ஆறுகிற விஷயமில்லை. ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவர் அடுத்த அறையில் விழித்துக்கொண்டு புரண்டு புரண்டு படுத்த சத்தம் எனக்குக் கேட்கும். மண்டபத்துக்குப் பிறகு, அந்தப் பத்து இரவும்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

அத்தை புஷ்பவதி